ஒரே செடி, நான்கு சட்டங்கள்

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நம் குடும்பங்கள், புதிய ஊரின் மொழியைக் கற்பதற்கு முன்னரே அவ்வூரின் உணவைக் கற்றுவிடுகின்றன. கடுகெண்ணெயின் நெடி பழகிப் போகிறது. ரொட்டியும் ராஜ்மாவும் நம் அடுப்பிலேயே வேகத் தொடங்குகின்றன. இறுதியாக, சில வேளை காலங்கடந்து, நாம் கற்பது அவ்வூரின் சட்டத்தை. உணவும் சட்டமும் ஒன்றையொன்று தொடாதவரை இதனால் கேடொன்றுமில்லை. தொட்டுவிடும் இடம் ஒன்று இப்போது நம் வீட்டு வாயில்வரை வந்துவிட்டது.

பெருநகரக் கடைகளிலும் கைப்பேசி வழியே பொருள் தருவிக்கும் அங்காடிகளிலும் ‘ஹெம்ப்’ என்னும் பெயர் தாங்கிய விதைகளும், எண்ணெயும், மாவும் விற்பனையாகின்றன. இவை கஞ்சாச் செடியிலிருந்து கிடைப்பவை என்பதை அறிந்த தாய்மார் அஞ்சுகின்றனர். அறியாதவர்கள் அஞ்சாமலே வாங்குகின்றனர். இது குழந்தைக்குக் கொடுக்கத்தக்கதா? ஊருக்கு எடுத்துச் செல்லலாமா? வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா? இவ்வினாக்களுக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. செடி ஒன்றேயாயினும் அதன் விதைக்கு ஒரு சட்டம், இலைக்கு ஒரு சட்டம், பூவுக்கு ஒரு சட்டம், அதிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்துச் சத்துக்கு ஒரு சட்டம் என்று நம் நாட்டில் நான்கு வழிகள் உள்ளன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

பெயரால் வரும் குழப்பம்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். ‘ஹெம்ப்’ என்பதைத் தமிழில் ‘சணல்’ என்று பெயர்த்து எழுதும் வழக்கம் உண்டு. அது பிழையான வழக்கு. நம் ஊர்களில் சணல் என்பது சாக்குப் பைக்கு நார் தரும் செடி. சணப்பு என்பது வயலில் விதைத்து மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடி. இவை இரண்டும் கஞ்சாச் செடிக்கு உறவல்ல. சணப்பு விதையிலோ ஈரலைத் தாக்கும் நச்சுப் பொருள் உண்டு. கால்நடைகளுக்கே அது ஆகாது. ‘ஹெம்ப் விதை உடலுக்கு நல்லது’ என்று எங்கோ படித்துவிட்டு, விதைக் கடையில் ‘சணல் விதை கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கி வறுத்துப் பொடிப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஆதலின் இக்கட்டுரையில் நாம் ‘ஹெம்ப்’ என்ற சொல்லையே கையாளுகிறோம். அது கஞ்சாச் செடியேயன்றி வேறன்று. போதைச் சத்துக் குறைந்த வகைகளை நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கும்போது அதற்கு அப்பெயர் வழங்குகிறது.

போதை தருவது அச்செடியிலுள்ள டி.எச்.சி. என்னும் சத்து. சி.பி.டி. எனச் சுருக்கி வழங்கும் கன்னபிடயால் மற்றொரு சத்து. அது போதை தருவதன்று. இவ்விரண்டும் மிகுதியாக இருப்பது பெண் செடியின் பூங்கொத்திலும் அதன் பிசினிலும். இலையில் அதனினும் குறைவு. விதையின் உள்ளே இயல்பாக ஏறத்தாழ இல்லை. அறுவடையின்போது பிசின் மேலே ஒட்டிக்கொள்வதால் மட்டுமே சிறிதளவு காணப்படும். சட்டம் செடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பதற்கு இந்த இயற்கை வேறுபாடும் ஒரு காரணம்.

கோடு வரைந்த வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில், 1893-ஆம் ஆண்டில், இந்தியாவில் கஞ்சா, பாங்கு, சரஸ் ஆகியவற்றின் பயன்பாட்டை ஆராய ஒரு குழு அமர்த்தப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, 1894-இல் தன் அறிக்கையை அளித்தது. அளவோடு கொள்வதால் பெருந்தீங்கு இல்லை, அளவு மீறுவதே கேடு, முற்றிலும் தடை செய்வதைவிட உரிமமும் வரியும் விதித்துக் கட்டுப்படுத்துவதே தக்கது என்பது அதன் கருத்து.

பின்னர் 1961-இல் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் உடன்படிக்கை உருவானபோது, கஞ்சா என்பதன் இலக்கணம் பூங்கொத்தைச் சார்ந்து வகுக்கப்பட்டது. பூங்கொத்து சேராத இலையும் விதையும் அவ்விலக்கணத்துக்குப் புறம்பாயின. அவ்வழியைப் பின்பற்றியே 1985-இல் நம் நாட்டுப் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டது. பிரித்தெடுத்த பிசின் சரஸ்; பூத்த அல்லது காய்த்த நுனிக் கொத்து கஞ்சா; இவற்றின் கலவையும், இவற்றினின்று செய்யும் பானமும் அவ்வாறே குற்றப்பொருள். நுனிக் கொத்து சேராத விதையும் இலையும் விலக்கப்பட்டன. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாங்கு அருந்தும் வடநாட்டு வழக்கம் மத்தியச் சட்டத்தின் பிடியில் சிக்காமைக்கு இதுவே காரணம்.

விதை: உணவு

குமாவோன், கார்வால் மலைநாட்டு மக்கள் கஞ்சாச் செடியின் விதையை வறுத்து, எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாய் சேர்த்து அரைத்த சட்டினியைத் தலைமுறை தலைமுறையாக உண்டு வருகின்றனர். நம் எள்ளுத் துவையலுக்கு ஒப்பான எளிய உணவு அது. புரதமும் எண்ணெய்ச் சத்தும் நிறைந்த விதை, போதை தருவதன்று. அம்மலைநாடு அடங்கிய உத்தராகண்ட மாநிலமே 2018-இல், டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத வகையைத் தொழிலுக்காகப் பயிரிட முதன்முதலில் உரிமம் வழங்கிற்று.

நாடு முழுவதற்குமான உணவு விதி 2021-ஆம் ஆண்டு நவம்பரில் வந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், ஹெம்ப் விதையையும், விதை எண்ணெயையும், விதை மாவையும் உணவாகவோ உணவின் பகுதியாகவோ விற்கலாம் என ஏற்றுக்கொண்டு, அவற்றிற்கு எல்லையும் வகுத்தது. விதையில் டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், உணவில் சி.பி.டி. கிலோவுக்கு 75 மில்லிகிராம். இவற்றை மீறலாகாது. மேலும், கடையில் விற்கும் விதை முளைக்கும் ஆற்றல் அற்றதாக இருத்தல் வேண்டும்.

இவ்வெண்களை நம் சமையலறை அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால் பொருள் விளங்கும். ஒருவர் ஒரே நாளில் 100 கிராம் விதை உண்டாலும் அதில் அரை மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருத்தலாகாது. எனவே, உரிமம் பெற்ற நிறுவனம் விதிப்படி விற்கும் விதையைத் துவையலுக்கு வாங்கிய இல்லத்தரசி எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. உறையின்மீது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. விதை உணவு என்பதால், அதை முளைக்க வைத்து மாடித் தோட்டத்தில் வளர்ப்பது உணவு ஆகாது. உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது, ஒரே செடியாயினும், 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதற்கு விதிக்க இடமுண்டு. ‘அழகுக்காக வைத்தோம்’ என்னும் சமாதானம் அங்கே செல்லாது.

இலை: மாநிலத்தின் கையில்

பாங்கு என்பது கஞ்சாச் செடியின் இலை. மத்தியச் சட்டம் அதனை விலக்கியதால், அது மாநில ஆயத்தீர்வைச் சட்டங்களின் ஆளுகைக்கு உட்பட்டது. இங்கேதான் இடம்பெயர்ந்து வாழ்வோருக்கு இடர் மிகுதி. உத்தரப் பிரதேசத்திலும் இராஜஸ்தானத்திலும் அரசாங்க உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் வெளிப்படையாகவே நடக்கின்றன. காசிக்குச் சென்ற நம்மவர் பலர் அக்கடைகளின் பெயர்ப் பலகைகளைக் கண்டிருப்பர். தமிழ்நாட்டிலோ, 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் போதைப் பொருள் என்பதன் இலக்கணத்திலேயே இலையையும் சேர்த்துக் கூறுகிறது. அஸ்ஸாமில் 1958-இல் கஞ்சாவோடு பாங்கையும் தடை செய்யவே தனிச் சட்டம் இயற்றினர்.

ஆகவே வாராணசியில் விலை கொடுத்து, கண் முன்னே வாங்கிய பொருள், அதே ரயில் தென்திசை வந்து சேர்வதற்குள் குற்றப்பொருளாக மாறிவிடக்கூடும். பயணியின் பெட்டி மாறவில்லை. பெட்டியினுள் இருப்பதும் மாறவில்லை. மாநில எல்லை மட்டுமே மாறிற்று. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, ‘இங்கே கிடைக்கும் வேடிக்கைப் பொருள்’ என்று நண்பர்களுக்குக் காட்டப் பாங்கு உருண்டையைக் கொண்டுசெல்லும் இளைஞர்களுக்குப் பெற்றோர் இதனை எடுத்துரைத்தல் வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருந்தாலும் தொல்லை நேராது என்பதற்கில்லை. 2022-இல் பெங்களூரில் ஒருவர் 29 கிலோ பாங்குடனும் 400 கிராம் கஞ்சாவுடனும் பிடிபட்டார். பாங்கு 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கஞ்சா இலக்கணத்துக்குள் வரவில்லை என்று கருதி, கர்நாடக உயர்நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் வழங்கியது. கஞ்சாவின் அளவு வணிக அளவுக்கு மிகக் குறைவென்பதும் அவருக்குத் துணையாயிற்று. எனினும் உயர்நீதிமன்றத்தின் ஆணை கிடைக்கும்வரை அவர் சிறையில்தான் இருந்தார். உறவினர் அருகில்லாத ஊரில், மொழி தெரியாத காவல் நிலையத்தில், ஒரு குடும்பத்தலைவன் சில வாரம் சிறைப்பட்டால் அக்குடும்பம் படும் பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஹோலிப் பண்டிகையைப் பற்றியும் ஒரு சொல். அண்டை வீட்டார் அன்போடு அளிக்கும் தண்டாயிலும் இனிப்பிலும் சில இடங்களில் பாங்கு கலந்திருக்கும். ‘இதில் பாங்கு உண்டா?’ என்று வினவுவது மரியாதைக் குறைவு ஆகாது. அவர்களே அதனை இயல்பாக எடுத்துக்கொள்வர். உண்ணும் கஞ்சாச் சத்து உடனே வேலை செய்வதில்லை. அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே அதன் விளைவு தெரியும். ஒன்றும் ஆகவில்லையே என்று எண்ணி மேலும் உண்போரே மிகுதியும் துன்புறுகின்றனர். குழந்தை அறியாமல் உண்டுவிட்டால், வெட்கத்தால் மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று உள்ளதை உள்ளபடி மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். தயக்கமின்றிக் கூறிய உண்மையே அங்கே முதல் மருந்து.

பூ: குற்றம்

பூங்கொத்தோ பிசினோ கலந்த உணவு எதுவாயினும், எப்பெயரால் விற்கப்பட்டாலும், அது உணவே அன்று. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு என்பதன் இலக்கணத்திலிருந்தே போதைப் பொருள்களை நீக்கியுள்ளது. அதை வைத்திருப்பவர் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விடை கூற வேண்டியவராகிறார்.

அச்சட்டத்தில் அளவே தண்டனையை முடிவு செய்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு. ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு; குறைந்தது பத்தாண்டு, மிகுந்தால் இருபதாண்டு. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. சரஸுக்கு இந்த எல்லைகள் இன்னும் குறுகியவை: 100 கிராமும் ஒரு கிலோவும். கலப்புப் பொருளில் போதைச் சத்தை மட்டும் பிரித்து நிறுப்பதா, முழுப் பொருளையும் நிறுப்பதா என்ற வழக்கில், முழு எடையையும் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆகவே போதை கலந்த மிட்டாய்ப் பெட்டியில் மாவும் சர்க்கரையும்கூட அவ்வெடையில் சேரும் என்பதை நினைவிற் கொள்க.

அயல்நாட்டுப் பயணம் மலிந்துவிட்ட இந்நாளில் இது வெற்று எச்சரிக்கையன்று. தாய்லாந்து 2022-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிற்று. 2025-இல் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என மீண்டும் கட்டுப்படுத்திற்று. அங்கே கடைத்தெருவில் வாங்கிய ஒரு பொட்டலம் பிஸ்கோத்து, சென்னை விமான நிலையத்தில் கடத்தற் பொருளாகிவிடும். பிடிபட்டவரிடம் குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும். தெரியாமல் வைத்திருந்ததை மெய்ப்பிக்கும் சுமை அவர்மீதே விழும். பிறர் தரும் பொட்டலத்தை, ‘ஊரில் கொடுத்துவிடுங்கள்’ என்ற வேண்டுகோளுக்கு இரங்கி, திறந்து பாராமல் சுமந்து வருவது நம்மவரிடையே நெடுநாளாக உள்ள நற்பண்பு. இப்பொருள் விஷயத்தில் அந்நற்பண்பே வினையாகலாம்.

பிரித்தெடுத்த சத்து: மருந்து

உறக்கமின்மை, மூட்டுவலி, மனக்கவலை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்து, சி.பி.டி. எண்ணெயைச் சிறு புட்டிகளில் விற்கின்றனர். இதனை உணவுத் துணைப் பொருள் என்று எண்ணி முதியோருக்கு வாங்கித் தருவோர் உளர். நாம் மேலே கூறிய கணக்கையே இங்கும் போட்டுப் பார்ப்போம். உணவில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்பது எல்லை. அப்படியாயின் 30 கிராம் எண்ணெயில் 2.25 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. புட்டியின் மேலோ ‘500 மில்லிகிராம்’, ‘1,000 மில்லிகிராம்’ என்று அச்சிட்டிருக்கும். அது உணவாக இருக்க இயலாது என்பதற்கு அந்த எண்ணே சான்று.

இலையிலிருந்து எடுத்த இத்தகைய தயாரிப்புகள் நம் நாட்டில் ஆயுர்வேத மருந்து உரிமத்தின்கீழ் விற்கப்படுகின்றன. ஆயுர்வேத நூல்களில் ‘விஜயா’ எனவும், நம் சித்த மருத்துவ நூல்களில் கஞ்சா எனவும் இச்செடி இடம்பெறுவது உண்மையே. ஆனால் மருந்து விதிகளின் நச்சுப்பொருள் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது; மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொள்ளத்தக்கது என்ற எச்சரிக்கை உறையின்மேல் இருத்தல் வேண்டும். எனவே மருத்துவர் சீட்டும், மருந்து உரிம எண்ணும் இல்லாத புட்டியை வாங்குவது இரு வகையில் தீது: சட்டத்துக்கும் ஒவ்வாது; உடலுக்கும் உறுதியில்லை.

சி.பி.டி.க்கு மெய்யான பயனும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு அதிலிருந்து செய்த மருந்தை அமெரிக்க அரசாங்கம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. அதன் வழக்கமான அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 10 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 200 மில்லிகிராம் ஆகும். விதிக்கு உட்பட்ட உணவின் வழியே அவ்வளவைப் பெற வேண்டுமாயின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோ 700 கிராம் உண்ண வேண்டும்! மேலும் அம்மருந்து ஈரலைப் பாதிக்கக்கூடும். பிற வலிப்பு மருந்துகளோடு முரணவும் கூடும். ஆதலால் இரத்தச் சோதனையோடுதான் கொடுக்கின்றனர். நோயுற்ற பிள்ளையின் பெற்றோர் எதையும் நம்பத் துணிவர். அந்நம்பிக்கையை விற்று வாழ்வோரிடம் ஏமாறாமல், நரம்பியல் மருத்துவரையே நாடுதல் வேண்டும்.

கசகசாவின் பாடம்

நம் சமையலறையிலேயே இதற்கு ஒப்பான ஒரு பொருள் நெடுங்காலமாக உள்ளது. குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. செடியின் காயில் ஊறும் பால் கடுமையான போதைப் பொருள். விதையோ நம் நாட்டில் மளிகைக் கடைச் சரக்கு. ஆயினும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் சிலவற்றிலும் கசகசாவைக் கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டுள்ளது. ஊறுகாயோடும் மசாலைப் பொடியோடும் ஒரு பொட்டலம் கசகசாவையும் கட்டிக்கொடுக்கும் அன்னையருக்கு அதில் குற்றம் இருப்பதாகத் தோன்றவே தோன்றாது. கசகசாவுக்கே இந்நிலை எனில், ஹெம்ப் விதையையும் எண்ணெயையும் கடல் கடந்து அனுப்புமுன், பெறுபவர் வாழும் நாட்டுச் சட்டத்தை விசாரித்தறிவது இன்றியமையாதது. ‘இந்தியாவில் உரிமத்தோடு வாங்கினேன்’ என்ற ரசீது, பிற நாட்டுச் சுங்கச் சாவடியில் செல்லாக் காசு.

இல்லத்தார் கருத்துக்கு

இதுகாறும் கூறியவற்றால், எப்பொருளைக் கையில் எடுத்தாலும் நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும் என்பது புலனாகும். இது செடியின் எப்பகுதி? உணவாக விற்கப்படுகிறதா, மருந்தாகவா. அதற்குரிய உரிம எண் உறையில் உளதா? நாம் வாழும் மாநிலமும், வழியில் கடக்கும் மாநிலங்களும், சென்று சேரும் இடமும் இதனை ஏற்கின்றனவா? இதனை உண்ணப்போகிறவர் குழந்தையா, கருவுற்றவரா, வேறு மருந்து கொள்பவரா?

வீட்டிலிருந்தே பொடியும் பலகாரமும் செய்து விற்கும் நம் சகோதரிமார்க்கும் இது பொருந்தும். ஹெம்ப் விதை சேர்த்த இட்லிப் பொடியை விற்பது தடையன்று. ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ பெற்று, சோதனைச் சான்று காட்டும் விற்பனையாளரிடமே விதையை வாங்கி, சேர்த்த பொருளை உறையில் மறைக்காமல் எழுதுதல் வேண்டும். கஞ்சா இலைப் படம் பொறித்து, மயக்கத்தை நயமாகச் சுட்டி விளம்பரம் செய்யும் ஆசையை அறவே விட்டுவிடுதல் நன்று.

அச்சத்தால் நல்லுணவை விலக்கவும் வேண்டாம். ஆவலால் தீயதைத் தீண்டவும் வேண்டாம். மலைநாட்டுப் பாட்டி அரைக்கும் விதைச் சட்டினி வேறு. விமான நிலையத்தில் பிடிபடும் மிட்டாய் வேறு. இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்தவை என்பதனால் இரண்டையும் ஒன்றாகக் கருதுவோரே இருபுறமும் இடர்ப்படுகின்றனர். இவ்வேறுபாட்டை நம் இளைஞர்களுக்குப் பயணப் பெட்டி கட்டும்போதே எடுத்துரைப்போமாக.